ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று

ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு சென்னியப்பன் நாலாவது கியரில் காலை அழுத்தினார். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது, ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம். இங்கேதான் வரவேண்டும். பதினோரு வருஷமாக இந்த இடத்தில்தான் வந்துகொண்டிருந்தது அந்த விசில், மெல்லிசாக ஆரம்பித்து மேலே ஏறிப் போகிற விசில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் விசில். இரண்டாயிரத்து ஐந்நூறு. முதுகைச் சீட்டோடு வைத்து அழுத்துகிற தள்ளல் வந்தது, குறையே சொல்ல முடியாத தள்ளல், விசிலைக் காணோம். காலை எடுத்தார், முள் இறங்கியது, மறுபடி அழுத்தினார், மறுபடி அதே ஊமைத் தள்ளல். ஹோஸ் எங்காவது கீறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஹோஸ் கீறினால் தள்ளல் குறையும், பின்னால் கரும்புகை கக்கும், டீசல் அதிகம் குடிக்கும், இது மூன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா, தெரியும். ஆனாலும் ஹோஸாக இருக்கலாம். ஹோஸாக இல்லாவிட்டால் டர்போவுக்குள் சிறகு தேய்ந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், மொத்தமாகவே போயிருக்கலாம். பிள்ளையாரப்பா, டர்போ போயிருக்கட்டும். ஆசை ஆசையாக வாங்கிய வண்டி கெட்டுப்போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிற ஆளை ஈச்சனாரிப் பிள்ளையார் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். வண்டி கெடாவிட்டால் கெட்டது வேறு எது என்கிற கேள்வி வந்துவிடும் அல்லவா, அதற்காகத்தான் இந்த வேண்டுதல்.

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று. ஸ்டியரிங்கின் மேல் விரல் தானாகத் தட்டியது. இந்த எஞ்சினின் ஐந்து சிலிண்டரும் வெடிக்கிற வரிசை அது. மில் முதலாளி ஒருவரின் மகன் உயரமான வண்டிக்கு மாறியபோது, இந்த வெளிநாட்டுச் செடானைச் சென்னியப்பன் பி.எஃப். பணத்தை எடுத்து வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் மச்சான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அஞ்சு சிலிண்டரா, அது என்ன மாமா ஒத்தப்படையில, ஆறாவதை முதலாளி கழட்டி வெச்சுக்கிட்டாரா என்று கேட்டான். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாலு சிலிண்டர் வண்டி ஒழுங்காக அடி எடுத்து வைத்து நடக்கும், ஆறு சிலிண்டர் நடப்பதே தெரியாமல் நடக்கும், இது மட்டும்தான் ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியை எடுத்து வைத்துவிடும், கொஞ்சம் நொண்டுகிற மாதிரி கேட்கும், ஆனால் நொண்டவில்லை. அந்த நடையைக் கேட்பதற்காகத்தான் வாங்கினார். பால் வாங்கப் போகவும் கல்யாணத்துக்குப் போகவும் மகள் கிருத்திகாவைக் காலேஜில் விடவும் என்று குடும்ப வண்டியாகத்தான் ஓடியது, ஆனால் உள்ளே ஒரு பந்தயக் குதிரை இருப்பது அவருக்கும் அதற்கும் மட்டும் தெரியும் என்று ஒரு நினைப்பு. மனைவி மரகதத்துக்கும் தெரியும்தான். அவள் அந்த விசிலைப் பதினோரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், ரோட்டோரத்தில் யாரோ வெட்டிப்பயல் நின்று விசிலடிக்கிற மாதிரி இருக்கிறதாம், பொம்பளை உட்கார்ந்து போகிற வண்டியா இது என்பாள். சின்ன வயதில் பருத்திக்காட்டில் விசிலடித்ததற்காக அவள் அம்மாவிடம் கன்னத்தில் வாங்கியவள். அதற்கப்புறம் அடித்ததே இல்லையாம். எஞ்சினை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்று கேட்பாள். இப்போது திட்டுவதும் இல்லை. எத்தனை நாளாகத் திட்டவில்லை என்று எண்ணிப் பார்த்தார், மூன்று மாசம் இருக்கும். விசில் நின்றதும் அதே மூன்று மாசம்தான். அப்படியானால் அவளுக்கும் கேட்கவில்லை, அப்படியானால் டர்போதான். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மனசு லேசாக இருந்தது.

ஒத்தக்கால்மண்டபத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போகவேண்டி வந்ததும் லேசான மனசு மறுபடி கனத்தது. இதாயத் பாய் என்ன சொன்னார்? போத்தனூரில் ஷெட் வைத்திருக்கும் இதாயத் பாயைத் தவிர வேறு யாரையும் இந்த எஞ்சினைத் தொட அவர் விட்டதில்லை. பாய் போன மாசம் வண்டியை வெள்ளலூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, விசில் முதல் நாள் மாதிரி இருக்கிறது, கை வைக்கவே வேண்டாம் என்றார். சென்னியப்பன் விடவில்லை. கழற்றிப் பாருங்கள் என்றார். நல்லாயிருக்கிற டர்போவை எதற்குக் கழற்றுவது என்று பாய் முனகிக்கொண்டே கழற்றினார். உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டினார், பம்பரமாகச் சுற்றியது, தண்டை அசைத்துக் காட்டினார், மயிரிழைகூட ஆடவில்லை. திரும்ப மாட்டிவிட்டு, எஞ்சினை உறுமவிட்டு, இப்பக் கேளுங்கள் என்று கையைக் காட்டினார். சென்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இல்லீங்க பாய், முன்ன மாதிரி இல்லை என்றார். பாய் அவரை வேண்டியதற்கும் ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஹோஸை வேண்டுமானால் மாற்றிப் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அது இன்னும் உறுத்துகிறது. யாரைப் பார்த்து? பம்புக் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் மோட்டார் சோதித்த ஆள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு, இது ஆறு மாசம் வராது, எடுத்துட்டுப் போ என்று சொல்வார். ஒரு பொறியாளர்ப் பையன் கருவி வைத்து அளந்து சார் சொன்னது சரிதான் என்று அரைமணி கழித்து வந்து சொல்வான். கம்பெனியில் அவர் பேரே காது சார். பணி ஓய்வு விழாவில் வெள்ளி முலாம் பூசிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார்கள். கீச்சென்ற சத்தம்தான் முதலில் போகும், பேச்சு அப்புறம்தான் போகும் என்று கம்பெனி டாக்டர் ஒரு கூட்டத்தில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள், இவர் வாங்கவில்லை, பஞ்சை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? ஹோஸை மாற்றினார்கள். விசில் வரவில்லை.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், பின் சீட்டில் இருந்த மரகதத்தைப் பார்த்தார். பார்த்தார் என்றால் ஒரு தோடும், அதற்குமேல் கொஞ்சம் மல்லிகைப்பூவும், பட்டுப்புடவையின் ஒரு ஓரமும். டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் கண்ணாடியில் அவ்வளவுதான் தெரியும். பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதன் மேல் இன்றைக்குப் பொள்ளாச்சியில் நடக்கிற கல்யாணத்துக்கு வாங்கிய குத்துவிளக்குப் பெட்டி. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம், வண்டி வாங்கிப் பதினோரு வருஷம், அந்தப் பக்கத்து சீட்டை யாருக்காவது விட்டுக்கொடுத்திருப்பாளா? அவள் அண்ணனே வந்தாலும் பின்னால் போய் உட்காருங்க என்பாள். அப்படிப்பட்டவள் மூன்று மாசமாக முதலாளியம்மா மாதிரி பின்னால் ஏறிக்கொள்கிறாள், அதுவும் சரியாக இவர் முதுகுக்குப் பின்னால், முகமே தெரியாத இடத்தில். ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் என்னவாக இருக்குமோ. வண்டியில் மட்டுமா? கட்டிலில் முப்பத்து மூன்று வருஷமாகச் சுவரோரம் படுத்தவள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வாசல் பக்கம் மாறிப் படுத்துக்கொண்டாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார், தூக்கம் வரவில்லை. சாப்பாடு போடும்போது வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து போடுகிறாள். கிருத்திகா பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுகிறாள், அம்மாவும் மகளும் அரைமணி பேசுகிறார்கள், இவர் உள்ளே போனால் சரி வெச்சிர்றேன் என்று முடிகிறது. போன வாரம் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். எதற்குப் பெட்டி என்று கேட்க வாயெடுத்து, காப்பி இருக்கா என்று கேட்டார்.

எல்லாம் அந்தத் தலையாட்டலில் வந்த வினை. டர்போ வண்டியை ஓட்டி வந்தவுடன் சடாரென்று நிறுத்தக்கூடாது. உள்ளே அது நெருப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று அங்கேயே கருகிவிடும், அதனால் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இதாயத் பாய் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது, சென்னியப்பன் ஒருநாள்கூடத் தவறியதில்லை. மழை பெய்தாலும், உள்ளே சோறு ஆறினாலும், வாசலில் விருந்தாளி நின்றாலும் இரண்டு நிமிஷம். முதல் வருஷம் மரகதம் முணுமுணுத்தாள், அப்புறம் அவளும் கூடவே உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். வீட்டுக்குள் எதைச் சொன்னாலும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிற மனுஷன் இந்த இரண்டு நிமிஷம் மட்டும் எங்கேயும் போக முடியாது. கிருத்திகா அந்தப் பெங்களூர்ப் பையனைத்தான் கட்டிக்கொள்வாளாம் என்று சொன்னது இந்த இரண்டு நிமிஷத்தில். மரகதம் தன் தாய்வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டதைச் சொன்னதும் இதில்தான். ஓய்வு பெற்ற அன்று, வீட்டில் உட்கார்ந்து என்னை விரட்டக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன் என்றதும் இதில்தான். குடும்பத்தின் பெரிய சேதி எல்லாம் டர்போ ஆறுகிற நேரத்தில்தான் வரும். மூன்று மாசத்துக்கு முன்னால், துடியலூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்து போர்ட்டிகோவில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டில் மரகதம் நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. நாலைந்து வார்த்தை இருக்கும். எஞ்சினுக்கு முன்னால் விசிறி ஓடியது, வார்த்தை ஒன்றுகூட வந்து சேரவில்லை. சொல்லிவிட்டு அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். காத்திருந்தாள். என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்கவில்லை என்று ஆகிவிடும், காது சாருக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும், அதனால் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். அவள் மறுபடி உதட்டை அசைத்தாள், அதற்கும் ஆட்டினார். அவள் கண் கலங்கிவிட்டது. இவர் கையை எடுத்து ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து பின் சீட்.

எதற்குத் தலையாட்டினோம்? கிணத்துக்கடவுப் பாலத்தின் மேல் வண்டி ஏறியது, இடது பக்கம் மலைமேல் கோயில் தெரிந்தது, அவர் பார்க்கவில்லை. நான் கொஞ்ச நாள் மக வீட்டுல போய் இருக்கட்டுமா என்று கேட்டிருப்பாள். அதற்குக் கண் கலங்குமா? கலங்கும், இவர் போகாதே என்று சொல்வார் என எதிர்பார்த்துக் கேட்டிருந்தால் கலங்கும். பெட்டி அதற்குத்தான். அல்லது, உங்ககூட இருந்து எனக்குச் சலிச்சுப் போச்சுங்க, உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டிருப்பாள். அதற்கு ஆமாம் என்று இரண்டு தடவை ஆட்டியிருக்கிறார். அட கிரகமே. முப்பத்து மூன்று வருஷத்துக்கு இரண்டு தலையாட்டல். அப்படிக் கேட்கிறவளா மரகதம்? கேட்கமாட்டாள். கேட்கவேமாட்டாள் என்று சொல்ல முடியுமா? ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று. அவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தார். குக்கர் விசில் இவருக்குக் கேட்காது. காலிங் பெல் கேட்காது. அது கிடக்கட்டும், அவள் குரல் கேட்காது, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருந்தாலும் அது அங்கே இருந்துகொண்டிருந்தது. பயமாக இருந்தது. இப்போதே கேட்டுவிடலாம், அன்னைக்கு என்ன கேட்ட என்று. கேட்டால் காது போன விஷயம் வெளியே வந்துவிடும், கிருத்திகா வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவாள், மச்சான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். கேட்காவிட்டால் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். இப்படி யோசித்துக்கொண்டே இடது பக்கம் ஒதுங்கினபோது தோளில் ஒரு கை பலமாக விழுந்தது, பஸ்ஸுங்க என்று வலது காதுக்குள் மரகதம் சொன்னாள். இடது கதவை உரசுகிற தூரத்தில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே முந்திப் போனது. ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும், கண்டக்டர் கையை ஆட்டித் திட்டுவது தெரிந்தது, திட்டு வரவில்லை. வண்டியை நேராக்கினார். தெரியுது தெரியுது, பார்த்துட்டுத்தான் இருக்கேன் என்று எரிந்து விழுந்தார். அவள் கை மட்டும் கொஞ்ச தூரம் வரைக்கும் தோளிலேயே இருந்தது.

பொள்ளாச்சி மண்டபத்துக்கு வரும்போது மணி ஏழே கால். முகூர்த்தம் ஏழரைக்கு மேல். பின்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் இடம் கிடைத்தது. நிறுத்தி, கியரை எடுத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போலச் சாவியைத் தொடாமல் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் வாசலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், தவில் வந்தது, நாதஸ்வரம் அங்கங்கே வந்தது. ஸ்டியரிங்கில் வைத்த உள்ளங்கை வழியாக எஞ்சின் நடப்பது தெரிந்தது, ஐந்தும் ஒழுங்காக நடந்தன. அரை நிமிஷம் போனது. பின்னால் அவளும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம். முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனை மோட்டாரைப் பார்த்து இது தேறாது என்று தயங்காமல் சொல்லியிருப்பார், ஒரு மோட்டாராவது எதிர்த்துப் பேசியதுண்டா? காது போனால் போகட்டும், இவள் போனால் என்ன செய்வது. ஒன்றரை நிமிஷம் ஆனபோது, கண்ணாடியில் தெரிந்த தோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மரகதம், அன்னைக்குத் துடியலூர் போயிட்டு வந்து நிறுத்துனப்ப என்னமோ கேட்டியே. என்ன கேட்ட?"

தோடு கண்ணாடியை விட்டு விலகியது. பட்டுப்புடவையின் சரசரப்புக் கேட்காமலே அவள் முன்னால் சாய்ந்தது தெரிந்தது, சீட்டின் முதுகை ஒரு கை பிடித்தது, வலது காதுப் பக்கம் மூச்சுக்காற்று வந்தது.

"இடது காது கேக்கறதில்லீங்களான்னு கேட்டேன். ஆமான்னு ஆட்டுனீங்க. ரொம்ப நாளாவான்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டுனீங்க."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மூன்று மாசமாக அவர் பூட்டிப் பூட்டி வைத்தது ஏற்கெனவே திறந்துகிடந்த வீட்டை. அவள் சொல்லிக்கொண்டே போனாள், அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வது அவ்வளவும் வீணாகப் போகிறது என்றுதான் இந்தப் பக்கம் வந்தாளாம், கட்டிலில் மாறியதும் அதற்காகத்தானாம், கிருத்திகா பெங்களூரில் காது டாக்டரிடம் அடுத்த வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம், பெரிய பெட்டி இரண்டு பேர் துணிக்காம். இந்த மனுஷன் ஒரு குறையை ஒத்துக்கொண்டதே பெரிசு, அதைக் கிளறி நோகடிக்க வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தாளாம். அப்புறம் நிறுத்தினாள். யோசிக்கிறாள் என்பது தெரிந்தது. இவர் எதற்காக இப்போது இதைக் கேட்டார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்ப அன்னைக்கு நான் கேட்டதும் உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். இந்தத் தடவை தெரிந்தே ஆட்டினார். முதுகுக்குப் பின்னால் சீட் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது, டர்போ நன்றாக ஆறியிருக்கும், ஆனாலும் சாவியைத் திருப்பவில்லை. இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. வர்ற வழியில் விசில் வந்ததா என்று கேட்டார். ஈச்சனாரியில் ஆரம்பித்தது கிணத்துக்கடவு வரைக்கும் மண்டையைத் துளைத்தது என்றாள் அவள், இன்னும் நூறு கிலோமீட்டர் போயிருந்தால் தலைவலியே வந்திருக்கும் என்றாள். அப்படியானால் டர்போ நன்றாக இருக்கிறது. பிள்ளையார் வேண்டுதலைக் கேட்கவில்லை. வண்டிக்கு ஒன்றும் இல்லை என்பதில் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். குழந்தை மாதிரிதான் கேட்டார்.

மரகதம் சன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்த்தாள். மண்டபத்தின் பின்பக்கம் சமையல்காரர் ஒருவர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார், அவர் திரும்பவில்லை. அவள் இன்னும் முன்னால் சாய்ந்தாள், மல்லிகை வாசம் வந்தது, காது மடலில் உதடு படுகிற தூரத்துக்கு வந்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது, நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்றே, உதடு கூடவில்லை. மறுபடி ஊதினாள். காற்றுக்குள்ளிருந்து நூலிழை மாதிரி ஒன்று கிளம்பியது, மெல்லிசாக ஆரம்பித்து, இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஏறியது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு அது முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.